குதி

மூன்றாவது முறையும் கோட்டைச்சாமி அந்தப் பெண்ணைக் குழிக்குள் இறக்கிவிட்டார். திரையில் அவள் கைவிளக்கு அணைந்தது. ஆழத்தில் தண்ணீர் தொளக்கென்றது. எல்லாம் இருண்டு, மறுபடி வெளுத்தபோது அவள் ஒன்றும் நடக்காதவள் மாதிரி குகை வாசலில் விளக்கோடு நின்றுகொண்டிருந்தாள். திருப்பத்தூர் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டராக இருக்கும் கோட்டைச்சாமி தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். சுவரோரம் நின்ற சத்தியப்பிரியா சட்டென்று மின்விசிறியைப் பார்த்தாள். கண்ணால்கூட எதையும் காட்டிவிடக் கூடாது என்று அவளுக்குப் பயம்.

இப்படிப்பட்ட விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு அதைச் சொல்வது சுலபந்தான். ஒரு சின்னப் பெண் உருவம். வலப்பக்க அம்புக்குறியை அழுத்தினால் வலப்பக்கம் நடப்பாள், இடப்பக்கத்தை அழுத்தினால் இடப்பக்கம். விசைப்பலகையின் அடியில் இருக்கிற நீளமான கட்டையைத் தட்டினால் எம்புவாள். அவ்வளவுதான். முதல் கட்டம் ஒரு குகை. வாசலிலிருந்து படிபோல இறங்கும் பாறைகள், பிறகு ஒரு குழி, குழியோரம் வழி சொல்லும் ஒரு பலகை, குழிக்கு அந்தப் பக்கம் ஒரு சரிவு, சரிவு முடிந்தால் வெளிச்சம். பழகிய கைக்கு மூன்று நிமிஷ வேலை. அந்த மூன்று நிமிஷத்தைத்தான் சத்தியப்பிரியாவும் முத்துக்கண்ணனும் பதினான்கு மாசமாகச் செய்துகொண்டிருந்தார்கள். காரைக்குடியில் ஒன்றாகப் படித்தவர்கள். படமெல்லாம் அவளுடையது. படத்தை நடக்கவும் விழவும் வைப்பது அவன் வேலை. தையல் கடைக்கு மேலே ஒரு மாடி அறை, இரண்டு மேசை, ஜன்னலில் அட்டை ஒட்டி வெயிலை மறைத்திருப்பார்கள். கீழே தையல் மெஷின் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிரும். அந்த அதிர்வு நின்றால்தான் மணி ஒன்றாகிவிட்டது, சாப்பிடப் போகலாம் என்று தெரியும்.

இந்தச் சனிக்கிழமைக்காக அவர்கள் இரண்டு மாசம் காத்திருந்தார்கள். பெங்களூரில் ஒரு கம்பெனி இந்த விளையாட்டை எடுத்து நடத்த யோசித்தது. அதற்கு முன்னால் ஒரு சோதனை. உங்கள் ஊர்க்காரர்கள் ஐந்து பேரை உட்கார வையுங்கள், ஆளுக்குப் பத்து நிமிஷம், நாங்கள் இங்கிருந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பார்க்க உட்கார்ந்தவர் பெயர் கார்த்திகேய சிவம். இன்னொரு மடிக்கணினித் திரையின் மூலையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அதிகம் அசையாமல் இருந்தார். காலையில் அவர் சொன்னது இரண்டே விஷயம். "ஐந்து பேர்ல மூணு பேர் குகையை விட்டு வெளிய வந்தாங்கன்னா மேற்கொண்டு பேசலாம். விளையாடுறவங்க என்ன வேணா பேசலாம், நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா அந்த ஆட்டம் செல்லாது."

செல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். முத்துக்கண்ணனுக்குச் சென்னையில் ஒரு வேலை உறுதியாகியிருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். இதுவரை மூன்று தடவை தேதி தள்ளிக் கேட்டாகிவிட்டது, இனிமேல் தள்ளமாட்டார்கள். அவன் போய்விட்டால் சத்தியப்பிரியாவின் குகை, விளக்கு, பாறை எல்லாம் அசையாத படங்கள். அவள் அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பெட்டி மட்டும் அறை மூலையில் பூட்டியபடி இருந்தது.

பத்து நிமிஷம் முடிந்து மணி அடித்தது. கோட்டைச்சாமி எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"என்னத்தா இது," என்றார் சத்தியப்பிரியாவிடம். "குதின்னு பலகையில போட்டிருக்கு. சரி, சொல்றாகளேன்னு குதிச்சேன். செத்துப் போச்சு புள்ள. மறுபடி வந்து நின்னா, மறுபடி குதிங்குது. சொன்னதச் செஞ்சாலும் மெமோ குடுக்குற கதையால்ல இருக்கு."

முத்துக்கண்ணன் ஒலிவாங்கியை அடைத்துவிட்டான். சத்தியப்பிரியா மெல்லச் சொன்னாள். "அண்ணே, அது எம்பி அங்குட்டுக் கரைக்குப் போகணும்ணே."

"அப்பத் தாண்டுன்னுல்ல போடணும். கெணத்து மேட்டுல நிப்பாட்டி வச்சுக் குதின்னு சொன்னா எவனா இருந்தாலும் உள்ளுக்குத்தானத்தா குதிப்பான்."

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். சத்தியப்பிரியா நின்ற இடத்தில் நின்றாள். அந்தக் கட்டைக்கு அவளும் முத்துக்கண்ணனும் வைத்திருந்த பெயர் அது. பத்து வயதிலிருந்து விளையாட்டுகளில் எம்பி எம்பிப் பழகிய அவர்களுக்குக் குதி என்றால் மேலே. ஊரில் மற்ற எல்லோருக்கும் குதி என்றால் கீழே. கண்மாயில் குதிப்பார்கள், மதிலிலிருந்து குதிப்பார்கள். வாய்க்கால் குறுக்கே வந்தால் தாண்டுவார்கள். ஒரு குழந்தைகூட இதில் தவறு செய்யாது. பதினான்கு மாசத்தில் நாற்பது தடவையாவது அந்தப் பலகையின் எழுத்தை அழித்து, பாறை நிறம், சுண்ணாம்பு நிறம் என்று மாற்றி மாற்றித் தீட்டியிருக்கிறாள். சொல்லை ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்ததில்லை.

"மாத்திரு," என்றாள். "ஒரு வார்த்தைதான். ஒரு நிமிசம் ஆகுமா?"

"மாத்த முடியாது. அவுக கையில குடுத்ததுதான் ஓடுது. ஒரு எழுத்தத் தொட்டாலும் மொதல்லருந்து அஞ்சு பேரு வேணும்பாக."

"மொதல்ல விளாண்ட சுபலட்சுமியும் சேவுகப்பெருமாளும் வெளிய வந்தாகல்ல, அந்த ரெண்டு பேரும் பலகையப் படிக்கவே இல்ல கண்ணா. செல்போன்ல விளாண்டு பழகுன கை. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அப்ப இனிமே வர்றவுகளும் படிக்காம இருக்கணும்னு கும்பிட்டுக்க," என்றான். குரலில் விளையாட்டு இல்லை.

நான்காவதாக வந்த மீனம்மாள் பால்வாடி டீச்சர். படிக்காமல் இருப்பாரா? எழுத்துக்குக் கீழே விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். "கு… தி. குதி." சரி என்று தலையாட்டிவிட்டுக் குதித்தார். ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் உச்சுக்கொட்டினார். போகும்போது சத்தியப்பிரியாவின் தாடையைத் தொட்டு, "படம் அழகா இருக்குத்தா. அந்தப் புள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்துறீக?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு பேர் வெளியே. இரண்டு பேர் உள்ளே. ஐந்தாவதாக வர வேண்டிய ரோகிணி, பிள்ளைக்குக் காய்ச்சல், வர முடியாது என்று போன் செய்தாள். கார்த்திகேய சிவம் கடிகாரத்தைப் பார்த்தார். இதற்கு முன் விளையாடியிராத யாராக இருந்தாலும் சரி, ஆனால் இன்னும் பத்து நிமிஷத்தில் உட்கார வேண்டும் என்றார். முத்துக்கண்ணன் படியில் இறங்கி ஓடினான். கீழே மெஷின் அதிர்வு நின்றது. கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் பின்னால் பொன்னுத்தாயி ஏறி வந்தாள்.

கழுத்தில் அளவு நாடா அப்படியே கிடந்தது. நாற்பது வயதுக்கு மேலே ஒன்றிரண்டு இருக்கும். தையல் கடையை அவள் ஒருத்தியாகவே நடத்துகிறாள். பேச்சு குறைவு, ஆனால் பேசினால் கூர்மையாக இருக்கும்.

"சாயங்காலம் ரெண்டு ரவிக்கை குடுக்கணும். பத்து நிமிசந்தான்," என்று உட்கார்ந்தாள். "கெடுத்துப்புட்டேன்னு அப்பறம் ஏசக் கூடாது."

"மெஷின் மாதிரித்தான்க்கா. நீங்க பாத்துக்கிருவீக," என்றான் முத்துக்கண்ணன்.

"மெஷின்னா காலுக்கு வேல இருக்குமே. இதுல கால் சும்மாவா கெடக்கும்?"

காலையிலிருந்து முதல் முறையாகச் சத்தியப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. மணி அடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு சுவரோரம் போனாள்.

பொன்னுத்தாயி விளையாடிய விதத்தை அவர்கள் இருவரும் அதற்கு முன் யாரிடமும் கண்டதில்லை. மற்றவர்கள் அம்புக்குறியை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து ஓடவிடுவார்கள். இவள் கழுத்து வளைவில் தையல் போடுகிறவள்போல, கொஞ்சம் அழுத்தி, நிறுத்தி, பார்த்து, மறுபடி கொஞ்சம் அழுத்தினாள். பாறை விளிம்புக்கு அரை அடி முன்னால் பெண்ணை நிறுத்தினாள். நீளக் கட்டையை ஒரு தடவை தட்டி எவ்வளவு உயரம் எம்புகிறாள் என்று பார்த்தாள். இன்னொரு தடவை கொஞ்சம் கூடுதலாக அழுத்திப் பார்த்தாள். "ம்," என்றாள். முதல் பாறை, இரண்டாவது பாறை, மூன்றாவது. தடுக்கல் இல்லை, பதற்றம் இல்லை. முத்துக்கண்ணன் முதுகுக்குப் பின்னால் கை கட்டி நின்றவன் மெதுவாகக் கையை விட்டான். இந்தக் கை எதையும் தாண்டிவிடும் என்று அவன் முகம் சொன்னது. பெங்களூர்த் திரையில் கார்த்திகேய சிவமும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். மூன்று நிமிஷங்கூட ஆகவில்லை, பெண் குழிக்கு வந்துவிட்டாள்.

விளக்கு பக்கத்தில் வந்ததும் பலகை வெளிச்சமாவதுபோல அவர்கள் செய்திருந்தார்கள். எழுத்து ஒன்றொன்றாகத் தெரியும். கு. பிறகு தி.

பொன்னுத்தாயியின் விரல் நின்றது.

யோசிக்கிறாள் என்றுதான் சத்தியப்பிரியா முதலில் நினைத்தாள். நல்லது, யோசிக்கட்டும், மேலே எம்பலாம் என்று ஏற்கெனவே பார்த்தவள்தானே. பத்து விநாடி. இருபது. கை மேசையில் இருந்தது, ஆனால் தன் கை இல்லை என்பதுபோலக் கிடந்தது. அப்போதுதான் சத்தியப்பிரியாவுக்கு நினைவு வந்தது. பொன்னுத்தாயியின் தங்கை முத்தழகு. காளையார்கோவில் பக்கத்து ஊரில், தோட்டத்துக் கிணற்றில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். ஏன் என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. தெருவில் அந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்கள், குதிச்சிட்டா என்று. மாடிப்படியில் தடதடவென்று இறங்கும் தன் மகனைப் பொன்னுத்தாயி அதட்டும் சத்தம் தினமும் இந்த அறைக்குக் கேட்கும். தாவாதடா, எட்டி வைக்காதடா என்பாள். அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் வாயில் சத்தியப்பிரியா கேட்டதே இல்லை. கேட்டதில்லை என்பதே இப்போதுதான் தெரிந்தது.

சொல் மட்டுமா? அந்தக் குழியை வரைவதற்காகச் சத்தியப்பிரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை காளையார்கோவில் பஸ்ஸில் போய், வழியில் இறங்கி, ஒரு பழைய கிணற்றைப் படம் எடுத்து வந்தாள். செம்புறாங்கல்லின் பொத்தல்கள், கல் இடுக்கில் வளர்ந்த ஆலங்கன்று, அடியில் ஒரு தட்டு அகலத்துக்கு மின்னும் தண்ணீர், எல்லாவற்றையும் அப்படியே குகைக்குள் கொண்டுவந்திருந்தாள். அந்தக் கிணறு வேறு கிணறாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் ஒரு சாடை. அந்த நீர் மினுக்கத்தைத் தீட்டிவிட்டு, எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று முத்துக்கண்ணனைக் கூப்பிட்டுக் காட்டியது நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் அவள் செய்துவைத்திருந்தாள். பெண்ணை விளிம்பில் நிறுத்திவிட்டு யாரும் எதையும் அழுத்தாவிட்டால் அவள் சும்மா நிற்கமாட்டாள். விளக்கை நீட்டி, குனிந்து, குழிக்குள் எட்டிப் பார்ப்பாள். உடம்பு லேசாக ஆடும். பிறகு நிமிர்வாள். உயிரோட்டமாக இருக்கும் என்று வைத்தது. இப்போது திரையில் பெண் எட்டிப் பார்த்தாள். ஆடினாள். நிமிர்ந்தாள். நான்கு விநாடி. மறுபடி எட்டிப் பார்த்தாள்.

பொன்னுத்தாயி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கழுத்து நாடாவின் ஒரு முனையைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். சுற்றி இறுக்கியதில் விரல் நுனி வெளுத்தது. மணி ஓடியது. நான்கு நிமிஷம். நாலரை. முத்துக்கண்ணனுக்கும் அதற்குள் புரிந்துவிட்டது. அவன் சத்தியப்பிரியாவைப் பார்த்து, வேண்டாம் என்று சின்னதாகத் தலையசைத்தான். கெஞ்சுகிற மாதிரி இருந்தது அது. ஒரு வார்த்தை பேசினால் ஆட்டம் செல்லாது. இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது, அந்த அக்கா தானாகவே கட்டையை அழுத்தினாலும் அழுத்தலாம். அழுத்தட்டும் என்று தானும் ஒரு கணம் விரும்பியதைச் சத்தியப்பிரியா அறிந்தாள். பெண் திரையில் மறுபடி குனிந்தாள்.

"அக்கா," என்றாள் சத்தியப்பிரியா. "போதும்க்கா. எந்திரிச்சிருங்க. நான் தெரியாம எழுதிப்புட்டேன்."

முத்துக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். கார்த்திகேய சிவம் எதையோ குறித்துக்கொண்டார்.

பொன்னுத்தாயி திரும்பவில்லை. "நீ பேசக் கூடாதுன்னாகல்ல," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சும்மா இரு. இந்தப் புள்ளைய இப்படியே விட்டுட்டு எந்திரிக்கச் சொல்றியா?"

விரலிலிருந்து நாடாவைப் பிரித்தாள். இடப்பக்க அம்புக்குறியைத் தொட்டாள்.

குழி விளிம்பில் நின்ற பெண் முகத்தைத் திருப்பினாள். காலையிலிருந்து நான்கு பேரில் ஒருவரும் இந்தக் குகையில் அவளை அந்தப் பக்கம் திருப்பியதில்லை. எல்லோருக்கும் போக வேண்டிய திசை வலது. பலகை மங்கி இருட்டுக்குள் போனது. விளக்கு வெளிச்சம் வந்த வழியிலேயே பாறைகள்மேல் மறுபடி விழுந்தது. மூன்றாவது பாறையில் எம்பி ஏறினாள். இரண்டாவதில் ஏறினாள். முதல் பாறைக்கு முன்னால் வந்து நின்றபோது முத்துக்கண்ணன் உதட்டைக் கடித்தான். அந்தப் பாறையை அவன் வேண்டுமென்றே உயரமாக வைத்திருந்தான். உள்ளே வந்தவர்கள் திரும்பிப் போய் வீணாக அலைய வேண்டாம் என்று, எம்பினால் எட்டாத உயரம்.

பொன்னுத்தாயி எம்பினாள். எட்டவில்லை. மறுபடி. எட்டவில்லை. பெண் பாறையில் மோதி மோதிக் கீழே வந்தாள். எட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

"அடி ஆத்தீ, எவன்டி இத இம்புட்டு ஒசரத்துல வச்சவன்," என்றாள் பொன்னுத்தாயி பெண்ணிடம். முத்துக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கொஞ்ச நேரம் பாறையை மேலும் கீழும் பார்த்தாள். துணியை வெட்டுமுன் பார்க்கிற பார்வை. பாறையின் நடுவில் ஒரு கல் மூக்குபோலத் துருத்திக்கொண்டிருந்தது. அழகுக்காகச் சத்தியப்பிரியா வரைந்தது. அதில் கால் நிற்குமா, வெறும் படமா என்பது அவளுக்கே தெரியாது. முத்துக்கண்ணனைப் பார்த்தாள். அவனுக்கும் நினைவில்லை. பொன்னுத்தாயி பெண்ணை ஒரு நூல் பின்னால் நகர்த்தினாள். இன்னும் ஒரு நூல். கட்டையைத் தட்டினாள். பெண்ணின் கால் மூக்கின் நுனியில் பட்டு வழுக்கியது. மறுபடி பின்னால் ஒரு நூல். தட்டினாள். இந்தத் தடவை கால் நின்றது. அரைப் பாதம், அவ்வளவுதான். மூச்சுவிடாமல் அங்கிருந்து இன்னொரு தட்டு. பெண் மேலே நின்றாள்.

குகை வாசல் தெரிந்தது. பொன்னுத்தாயி நிறுத்தவில்லை. பெண் வாசலுக்கு வந்தாள், அவள் எப்போதும் மறுபடி உயிரோடு வந்து நிற்கிற அந்த இடத்துக்கு, அதையும் தாண்டினாள். அங்கே ஒரு சுவர் இருக்க வேண்டும். எந்த விளையாட்டிலும் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் வைப்பார்கள். முத்துக்கண்ணன் வைக்க மறந்திருந்தான். பெண் அந்த இடத்தின் வழியாக நடந்து குகைக்கு வெளியே போனாள். குகையும் பாறையும் திரையின் வலப்பக்கம் ஒதுங்கி மறைந்தன. பிறகு திரையில் ஒன்றுமே இல்லை. படம் வரையத் தொடங்குமுன் சத்தியப்பிரியா முதல்நாள் ஊற்றிவைத்த வெறும் நிறம், காலை வெயில் மாதிரி ஒரு வெளிறிய மஞ்சள், அது மட்டும் முழுக்க. அதற்குள் அந்தப் பெண்.

"இது என்ன இடம்?" என்றார் கார்த்திகேய சிவம். காலையிலிருந்து அவர் ஆட்டத்தின் நடுவில் பேசியதே இல்லை.

"ஒண்ணும் இல்ல சார்," என்றான் முத்துக்கண்ணன். "அங்குட்டு நாங்க எதுவும் வரையல."

"மேடம் பேசினது பதிவாயிருக்கு," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "இதுவும் பதிவாகுது," என்றார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை.

பத்து நிமிஷத்துக்கான மணி அடித்தது. பொன்னுத்தாயி விரலை எடுக்கவில்லை.

"அக்கா," என்றாள் சத்தியப்பிரியா. "வெளிய வந்துட்டாக்கா."

"தெரியுது. இன்னுங் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் விட்டுர்றேன்."

முத்துக்கண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வரையாத அந்த இடத்தில் பெண் விழாமல் நடக்கிறாள் என்றால், அடியில் கண்ணுக்குத் தெரியாத தரை இருக்கிறது. என்றோ ஒருநாள் கை தவறி அதை இந்தப் பக்கமும் இழுத்துவிட்டிருக்கிறான். எவ்வளவு தூரத்துக்கு இழுத்தோம், எங்கே அது முடியும் என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. பொன்னுத்தாயி மெதுவாகத்தான் கொண்டுபோனாள், கொஞ்சம் அழுத்தி, நிறுத்தி, பார்த்து, மறுபடி கொஞ்சம். பகல் மாதிரி இருந்த அந்த மஞ்சளுக்குள், எரிகிற விளக்கைக் கையில் பிடித்தபடி, ஒன்றுமில்லாததன் மேல் ஒவ்வொரு அடியாக வைத்து அந்தப் பெண் போய்க்கொண்டிருந்தாள்.